மேல்மாடிக்கும் கம்பிக்கும் இடையில்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் மின்கம்பிகளைப் பார்வையிடுகிறவர். காலையில் கடற்கரை வீதியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிப் போய், தூணுக்குத் தூண் நின்று அண்ணாந்து பார்ப்பார். கம்பியைத் தாங்கும் பீங்கான் கோப்பையில் வெடிப்பு உண்டா, தென்னோலை கம்பியில் உரசுகிறதா, பட்டத்து நூல் சுற்றிக் கிடக்கிறதா என்று தேடுவார். ஈரக்காற்று அடிக்கும் நாட்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார். கடல் உப்புப் படிந்த கோப்பை லேசாகச் சீறுமாம். பத்திரிகைக்கு எழுதுவதற்காக ஒருமுறை அவரோடு மருதமுனை வரை போனேன். எனக்குக் கடல் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. கட்டுரை நன்றாக வந்தது. வாசித்தவர்கள் அவரைத்தான் விசாரித்தார்கள்.

எங்கள் இரண்டு வீடுகளும் ஒரே வளவில் முதுகோடு முதுகு ஒட்டியவை. வீதியைப் பார்த்தது எங்களுடையது, பின்னால் இருப்பது அவர்களுடையது. இரண்டும் மாமி தன் மகள்மாருக்குச் சீதனமாகக் கொடுத்தவை. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். பெண்ணைப் பெற்றவன் வீடு கட்டியே தீரவேண்டும். எனக்கு இரண்டும் பெண். அவருக்கு இரண்டும் ஆண். நடுச்சுவருக்கு அப்பால் அவருடைய குறட்டை எனக்குக் கேட்கும். சீமெந்து விலையை விசாரிக்க வேண்டியிராத ஒருவருடைய குறட்டை அது.

கீழ்வீடு மூத்தவளுக்கு என்று ஆகிவிட்டது. இளையவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், வீடு எங்கே என்று கேட்டார்கள். மேலே கட்டுகிறேன் என்றேன். மேசன் வந்து, வீதிப் பக்கம் பல்கனி நீட்டிப் படம் கீறினார். எதிரே போகும் கம்பியைக் காட்டினேன்.

"அது ஒண்டுமில்ல சேர். பிளாஸ்டிக் குழாயக் கீறி வயருக்கு மேலால கொழுவி உட்டாச் சரி. ஊரெல்லாம் அப்பிடித்தானே?"

உண்மைதான். மாடி கட்டிய வீடுகளின் முன்னால் கம்பிகள் குழாய்ச் சட்டை போட்டுக்கொண்டுதான் தொங்குகின்றன.

அன்று மாலை வேலையால் வந்த சகலன் எங்கள் கூரைத் தட்டில் ஏறிப் பார்த்தார்.

"காக்கா, பல்கனி ஏலா."

"ஏன் தம்பி? குழாய் போடுறமே."

"குழாய் வெயிலுக்கு வெடிக்கும், மழைக்குத் தண்ணி புடிக்கும். புள்ள ஈரத்துணி காயப்போடக் கைய நீட்டினா? அறைச் சுவரையும் உள்ளுக்கு எடுங்க."

"எவ்வளவு?"

அவர் கம்பியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். நின்ற இடம், படத்தில் என் மகளின் கட்டில் கிடந்த இடம்.

எங்கள் பக்கம் மாடி எழும்பினால் தன் வீடு கோழிக்கூடு மாதிரித் தெரியும் என்ற எரிச்சல்தான் அவருக்கு என்று மனைவியிடம் சொன்னேன்.

"எரிச்சல் ஆருக்கெண்டு கண்ணாடியப் பாத்தா விளங்கும்," என்றாள்.

மாமி அதற்கும் மேலே போனார். "கரண்டப் பத்தி அவருக்குத் தெரியாதா மகன்? நீங்க பேப்பரப் பாருங்க, அவர் வயரப் பாக்கட்டும்."

சுவரை உள்ளே எடுத்தால் மிஞ்சுவது ஒரு நீளப் பெட்டி. அதை வீடென்று காட்டினால் சம்பந்தம் நிற்காது. இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் தன் வீட்டுத் தட்டில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"காக்கா, முன்னுக்குக் குறையிறத இஞ்சால, என்ட வீட்டுக்கு மேலால எடுங்க. என்ட தட்டுக்குக் கிட்ட ஒரு வயரும் இல்ல. ரெண்டு பொடியனுகளும் போற இடத்துல, பொண்டாட்டிமார்ர வீட்டுல இருப்பானுகள். உங்கட மச்சியும் ஓம் எண்டுட்டா. வீடு அவட பேர்லதானே."

எனக்கு இது முன்பே தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அவர் கேட்காமலே கொடுத்தார். கொடுக்க முடிகிறவராகவும் இருந்தார்.

"சரி தம்பி," என்றேன்.

சுவர் எழும்பியதும் மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்தார்கள். பின்பக்கத்து அறையில் நல்ல காற்று. நான் வாய் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். "இந்தப் பக்கம் எங்கட சின்ன மருமகன் குடுத்தது."

மாப்பிள்ளையின் வாப்பா சகலனின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். தேநீர் முடியும்வரை கம்பிகளைப் பற்றியே கதை. சம்பந்தம் முடிவாகி, படியிறங்கும்போது மாப்பிள்ளையின் வாப்பா என் பக்கம் திரும்பினார். தங்கள் வளவுக்கு மேலாலும் ஒரு கம்பி தாழ்ந்து கிடக்கிறதாம். நாளைக்கே சகலனை அனுப்பிவைக்க வேண்டுமாம். என்னை வரச் சொல்லவில்லை.