குமிழுக்கு வைத்த களிமண் முத்திரை

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான். நம்பினால் என் பிழைப்பு நடக்காது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தட்டிப் பார்க்கிற வேலை எனக்கு. சூளையிலிருந்து வருகிற ஃபியூஸ் கட்டைகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு. ‘டிங்’ என்று நீண்டால் நல்லது, பெட்டிக்குப் போகும். ‘டொக்’ என்று செத்தால் உள்ளே விரிசல், கூடைக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் பிடிக்கிறவன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. சோறு போட்டது இந்தக் காதுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் கொயரில் கிடாரோடு உட்கார இடம் வாங்கித் தந்ததும் இதே காதுதான். இது போனால் எனக்கு இந்த ஊரில் வேறு அடையாளம் கிடையாது.

ஒரு வருடத்துக்கும் மேலாகக் கூடை சீக்கிரம் சீக்கிரமாக நிறைந்துகொண்டிருந்தது. முதலில் மண் கொண்டுவருகிற லாரிக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். வழியில் எங்கேயோ நல்ல களிமண்ணை இறக்கிவிட்டு மட்டமானதை ஏற்றுகிறார் என்று கணக்குப் போட்டேன். பிறகு சூளைக்காரர் மேல் திரும்பினேன். சூட்டைச் சரியாகப் பார்க்காமல் போனில் படம் பார்க்கிறார் என்று முதலாளியிடமே சொன்னேன். முதலாளி சிரித்துக்கொண்டே, “பாக்கலாம்ணே, நீங்க வேலையப் பாருங்க” என்றார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் துபாயிலிருந்து மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. வேப்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அங்கிருந்து ஆட்டோ வைத்து, மடியில் ஒரு அட்டைப்பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தான். உள்ளே கறுப்பாக ஒரு கிடார் ஆம்ப்ளிஃபயர். என்னிடம் அப்போது இருந்தது இரண்டே குமிழ் வைத்த பழைய ஆம்ப். கொஞ்ச நாளாக அது மந்தமாகப் பேசுகிறது என்று நான் வீட்டில் புலம்பியது எப்படியோ துபாய் வரைக்கும் போயிருந்தது.

“இது மாடலிங் ஆம்ப் மாமா. ஒலகத்துல இருக்கிற பெரிய பெரிய ஆம்ப்போட சத்தமெல்லாம் இதுக்குள்ள இருக்குது. எது வேணுமோ அத்தத் திருப்பி வெச்சா, அது மாதிரியே பேசும்” என்றான்.

“அதான் மிமிக்ரியா?”

“அப்பிடித்தான் வெச்சிக்குங்களேன்.”

ஊரில் உள்ள எல்லார் குரலிலும் பேசுகிற மிமிக்ரிக்காரனுடைய சொந்தக் குரல் எது என்று யாருக்காவது தெரியுமா? எனக்கு அந்தப் பெட்டியை அந்த நிமிடமே பிடிக்காமல் போயிற்று. பழக்க தோஷத்தில் விரலை மடக்கி அதன் முதுகில் தட்டிப் பார்த்தேன். ‘பொத்’ என்றது. மச்சான் வாய்விட்டுச் சிரித்தான். “மாமா, இது ஃபியூஸ் கட்ட இல்ல” என்றான்.

ஹாலில் வைத்து வயர்களை மாட்டினோம். முதலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போட விட்டேன். சின்னத் திரை ஒன்று பச்சையாக விழித்தது. உடனே அது, தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டது. பெட்டியைப் பிரித்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் பழசாகிவிட்டதாம். அதற்கு ஒரு ஆப் வேண்டும், ஆப்புக்குப் பெரிய போன் வேண்டும். என்னுடையது பட்டன் போன். பெரிய போன் நாம் பேசுவதை எல்லாம் ஒட்டுக்கேட்கும் என்பதால் நான் வாங்கவில்லை. எனவே ஆப் என் மனைவியின் போனில் ஏறியது. அக்காவும் தம்பியும் போனை வைத்துக்கொண்டு எதையோ திருப்பித் திருப்பிப் பேசத் தொடங்கியபோது, எனக்கு எரிச்சல் வந்து டீ போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்ததும் என் கையால் திருகினால்தான் ஆச்சு என்று உட்கார்ந்தேன். மச்சான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். முதல் குமிழில் எந்த ஆம்ப் மாதிரி பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கெயின் என்பதைக் கூட்டினால் சத்தம் கரகரக்கும், கோயிலுக்கு அது ஆகாது, அடியிலேயே கிடக்கட்டும். அப்புறம் பேஸ், மிடில், கூர்மையான சத்தத்துக்கு ட்ரெபிள். எதிரொலிக்கு ஒன்று. எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டு ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால், வைத்ததை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மறுபடி சுவிட்சைப் போடும்போது வைத்தது வைத்தபடி பேசும்.

கிடாரைச் சொருகி மீட்டினேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. வேறு ஆம்ப் மாற்றினேன், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. உலகத்தில் இருக்கிற பெரிய ஆம்ப்கள் எல்லாமே மந்தமா? ட்ரெபிளைக் கூட்டினேன். ஐந்து, ஆறு, எட்டு. ஒன்பதில்தான் கம்பிக்கு உயிர் வந்தது. தலை நிமிர்ந்து பார்த்தால் மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். என் மனைவி காதில் கை வைத்தபடி அடுப்படிக்குப் போனாள்.

“காது கூசுதுங்க” என்றாள் அங்கிருந்து.

“ஒந்தம்பி வாங்கியாந்த சாமானு, நான் என்னா பண்றது?” என்றேன். ஒன்பதிலேயே வைத்து, பட்டனை அழுத்திப் பிடித்தேன்.  மச்சான் அடுப்படிக்குப் போய் அக்காவிடம் ஏதோ பேசிவிட்டு வந்தான். அந்த வாரமே துபாய்க்குத் திரும்பியும் போனான்.

முதல் ஞாயிறு. பூசைக்கு முன்னால் சத்தம் பார்த்தபோது நான் வைத்தபடி பளிச்சென்று பேசியது. முதல் பாட்டின் பாதியில் திடீரென்று கம்பளியைப் போர்த்திக்கொண்டது. எனக்கு வலப்பக்கம் கீபோர்டு வாத்தியார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான் ஆம்ப். கிடார் சத்தம் தன் சத்தத்தை அமுக்குகிறது என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை ஜாடையாகச் சொன்னவர். நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற நேரம் பார்த்துக் காலாலோ கையாலோ திருகிவிடுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த வாரமும் அதே கதை. பூசைக்கு முன்னால் பளிச், பாட்டு தொடங்கியதும் மந்தம். கடைசியில் பாதர் வந்து என் கையைப் பிடித்து, “இன்னிக்குக் கிடார் ரொம்ப இனிமையா இருந்தது” என்றார். எனக்கு என்னவோ கேலி செய்கிறார் என்றுதான் பட்டது. என்னைக் கொயரைவிட்டு நைசாகக் கழற்றப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். கறுப்புப் பெட்டியில் பென்சில் கோடு தெரியாது. கம்பெனியில் அச்சில் ஊற்றுகிற களிக்குழம்பு நினைவுக்கு வந்தது. தயிர் பதத்தில் இருக்கும், காய்ந்தால் வெள்ளையாக இறுகும், தொட்டு அசைத்தால் பொடிந்து உதிரும். இருமல் மருந்து மூடியில் கொஞ்சம் எடுத்து வந்தேன். சனிக்கிழமை மத்தியானம் குமிழ்களை எல்லாம் என் அளவில் நிறுத்தி, ஒவ்வொரு குமிழும் பலகையும் சேருகிற இடத்தில் தீக்குச்சி முனையால் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டேன். இனி எவன் திருகினாலும் பொட்டு உடையும். என் மனைவி வந்து பார்த்தாள்.

“இது இன்னாத்துக்கு?”

“திருடனப் புடிக்க.”

அவள் பொட்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த ஞாயிறும் இரண்டாவது பாட்டில் சத்தம் படுத்துக்கொண்டது. நான் வாசிப்பதை விட்டுவிட்டு வாத்தியாரின் கையையே பார்த்தேன். இரண்டு கையும் கீபோர்டு மேல்தான் இருந்தன. நான் முறைத்ததில் அவர் ஸ்வரம் தப்பியதுதான் மிச்சம். எனக்குப் பின்னால் நின்று பாடிய பெண்களும் என் மனைவியும், வழக்கம்போலப் போனில் இருந்த பாட்டு வரிகளைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். பூசை முடிந்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு பொட்டுகூட உடையவில்லை. அத்தனை முத்திரையும் வைத்தது வைத்தபடி. ட்ரெபிள் குமிழ் ஒன்பதைக் காட்டிக்கொண்டு ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி நின்றது. அப்படியென்றால் பெட்டியே பொய் சொல்கிறது. மிமிக்ரிக்காரனை நம்பாதே என்று அன்றைக்கே என் மனசு சொன்னது சரிதான் என்று ஒரு பக்கம் சந்தோஷம்கூட வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டுக் கத்தினேன். முத்திரை விஷயத்தையும் சொன்னேன்.

“மாமா, குமிழ் எங்க நிக்குதுன்னு பாக்காதீங்க. அது பழைய ஆம்ப்புக்குத்தான் சரி. இதுல போன்லருந்தும் மாத்தலாம். போன்ல ட்ரெபிளக் கொறச்சா சத்தம் கொறையும், குமிழ் எடத்தவுட்டு அசையாது.”

“எந்தப் போன்ல?”

“ஆப் அக்கா போன்லதான மாமா இருக்குது.”

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“நீதானா?”

“நான்தாங்க.”

“இத்தினி நாளும் அந்த வாத்தியார நான் முறைச்சிக்கினு திரியறேன். நீ பின்னால நின்னுக்கினு பாட்டு பாடறியா?”

“மொத வாரம் நீங்க வாசிக்க ஆரம்பிச்சதும் முன்வரிசையில இருந்த கொழந்த வீல்னு கத்திச்சு. எல்லாரும் காதப் பொத்திக்கினாங்க. பூச நடக்கசொல்ல உங்களண்ட வந்து சொல்ல முடியுமா? அதான் போன்ல கொறச்சேன். பாதர் நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரே, அது நெசம்தான். நான் கொறச்சதுக்கு அப்புறம் நல்லாத்தான் இருந்துச்சு.”

“எனக்கு மந்தமா இருந்ததே.”

அவள் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

“உங்களுக்குத்தாங்க மந்தமா இருக்குது. வாஷிங் மெசினு முடிஞ்சா கீக்கீன்னு கத்துது. நீங்க பக்கத்துலயே பேப்பரு படிச்சிக்கினு இருக்கீங்க. நான்தான் மாடியிலருந்து எறங்கி வரேன். எத்தினியோ மாசமா இப்பிடித்தான். பெட்டி மேலயும் தப்பில்ல, வாத்தியார் மேலயும் தப்பில்ல.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிடம் கத்தினேன். தம்பி வாங்கி வந்த பெட்டியைக் காப்பாற்ற என் காதைச் செவிடாக்குகிறாள் என்றெல்லாம் பேசினேன். அவள் போய் வாஷிங் மெஷினில் எதையோ அழுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அவ்வளவுதான் எனக்கு வந்து சேர்ந்தது. அப்போதுதான் பயந்தேன். கொயர் போகட்டும். கம்பெனியில் கூடை கூடையாக நான் கழித்ததெல்லாம் என்ன?

திங்கட்கிழமை காலை சீக்கிரமே போனேன். என் மேஜைக்குப் பக்கத்தில் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்க்கிற பெண் ஒருத்தி. எட்டு வருடமாக இருக்கிறாள். அன்று காலை வந்ததிலிருந்து நான் இருபது கட்டைகளைத் தட்டி, பாதியைக் கூடையில் போட்டிருந்தேன். அதில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டி, “இதத் தட்டிப் பாரும்மா” என்றேன்.

அவள் வாங்கவில்லை. திரும்பித் தன்னோடு வேலை செய்கிறவர்களைப் பார்த்தாள். அவர்கள் குனிந்துகொண்டார்கள்.

“தட்டும்மா.”

தட்டினாள். எனக்கு ‘டொக்’.

“எப்பிடி இருக்குது?”

“நல்லாத்தாண்ணே இருக்குது. கணீர்னு கேக்குது.” தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “கூடையில இருக்கிறதுல பெரும்பாலும் நல்லதுதாண்ணே. நீங்க டீ குடிக்கப் போவசொல்ல நாங்க திரும்பத் தட்டி, நல்லத எடுத்துப் பெட்டியில வெச்சிருவோம்.”

“எத்தினி நாளா?”

“போன தீவாளிக்கு முன்னாடிருந்து.”

“மொதலாளிக்குத் தெரியுமா?”

“அவருதாண்ணே செய்யச் சொன்னாரு. அண்ணனண்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னாரு.”

எனக்குப் பின்னால் எல்லோரும் சேர்ந்து என்னவோ செய்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டது முழுக்க உண்மை. அவர்கள் செய்ததில்தான் ஒரு தப்பும் இல்லை. லாரிக்காரரின் முகமும் சூளைக்காரரின் முகமும் கண்முன் வந்தன. அவமானத்தில் உடம்பு கூசியது. நல்ல கட்டை வீணாகவில்லையே என்று அதற்குள்ளேயே ஒரு ஆறுதலும் வந்தது. அழுகையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து, என் ஸ்டூலை அவள் பக்கமாகத் தள்ளினேன். கம்பியை அவள் கையில் கொடுத்தேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். “ஒக்காரும்மா” என்று அதட்டியதும் உட்கார்ந்தாள். நான் அட்டைப்பெட்டிப் பக்கம் போய் நின்றேன். அவள் ஒரு கட்டையை எடுத்துத் தட்டினாள்.

“நல்லதுண்ணே.”

மறுபடி தட்டிப் பார்க்கச் சொல்லி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. அவள் நீட்டிய கட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்தேன்.