மோட்டார் ஓடாத நாள்

எழுபதுகளில் ஆரணிப் பக்கம் எங்களுக்கு நெல்வயல் இருந்தது. மோட்டார் கிணற்றுக்குள் இருக்கும். அதில் ஒயர் முடுக்க இறங்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் யார் சுவிட்சு போட்டாலும் கரண்டு பாயாதபடி பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி என்னிடம் கொடுப்பார். வெற்றிலையோடு இடுப்பில் சொருகிக்கொள்வேன். அது குத்துகிற குத்தை ஏன் கேட்கிறீர்கள்.

ஒருநாள் நான் களை பறிக்கையில் மாமியார் திட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னாடி பண்ணி வச்ச? கரண்டு வந்துச்சேன்னு சுச்சு போட்டா மோட்டாரு ஓடல. பயிரு காயுது."

என் கை இடுப்பைத் தடவிப் பார்த்தது. "அத்தே, உங்க புள்ள கெணத்துல ஒயர புடிச்சிக்கினு கீறாரு."

மாமியார் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஓடல தானடி?"

"கட்ட மூணும் எங்கிட்ட கீது அத்தே."

இருவரும் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தோம்.

"இன்னா பாக்குறீங்க? முடுக்கியாச்சு" என்றார் அவர்.

மாமியாரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். மோட்டார் ஓடவில்லை என்று வாங்கிய அந்தத் திட்டு மட்டும் இன்னும் இனிக்கிறது.