காலருக்குள் மூன்று தையல்

வலது கை இஸ்திரிப்பெட்டியை நகர்த்தியது. இடது கை அதற்கு ஒரு சாண் முன்னால் ஈரத் துணியை விரித்துக்கொண்டே போனது. வெள்ளை உடுப்பு மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. தோள் முடிந்து, கை முடிந்து, கைப்பட்டி முடிந்து காலருக்கு வந்ததும் பெட்டி நின்றது. காலரை மட்டும் அந்தக் கைகள் உடனே தேய்ப்பதில்லை. முதலில் கட்டைவிரலை அதன் விளிம்போடு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இழுத்துப் பார்க்கும். உள்ளே துணி புரண்டிருந்தால் கண்ணுக்குத் தப்பலாம், கட்டைவிரலுக்குத் தப்பாது.

கட்டைவிரல் பாதித் தூரம் போனது. பிடரிக்கு நேரே, நட்டநடுவில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போய் அதே இடத்தில் நின்றது.

"போச்சு," என்றார் தையல்காரர்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மைத்துனன் தலையைத் தூக்கினான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவனுக்கு. மதிய வெயிலுக்கு அக்கா புருஷன் கடைதான் நிழல். "என்ன மச்சான், சுட்டுடுச்சா?"

"சுட்டிருந்தா தேவலை."

அவர் உடுப்பைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை. காலருக்குள் வைத்த விறைப்புத் துணி கெட்டியானது, எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். நீல நூலில் மூன்று தையல், ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம்.

அந்த மூன்று தையலையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா. வீட்டில் எந்தத் துணியைத் தைத்தாலும் ஓரத்தில் நீல நூலால் மூன்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு தடவை சாமி பேரைச் சொல்லுவாள். போட்டுக்கொள்கிறவருக்குக் காவலாம். தொழிலில் மற்றது எதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய துணிக் கடையில் கிழிந்த கோட்டு வாங்கி வருவார். பிளேடால் தையலைப் பிரித்துத் துண்டுகளைத் தரையில் பரப்புவார். எது எதோடு சேர்கிறது என்று பார்த்துத் திரும்பத் தைப்பார். ஒரே கோட்டைப் பதினோரு தடவை பிரித்துத் தைத்த பிறகுதான் தோள்பட்டை அவருக்குப் பிடிபட்டது.

மற்றபடி அவர் பக்திமான் இல்லை. வீட்டில் சாமி படங்கள் இருக்கும் அலமாரி மனைவியின் இலாகா. அவர் அந்தப் பக்கம் போவதே பல்பு மாற்றத்தான். நாள் முழுக்க அவர் சாமியை நினைக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது அந்த மூன்று தையல்தான். முப்பத்தொரு வருஷமாகக் கடைக்கு வந்த ஒரு துணியையும் அவர் கை விட்டுவைத்ததில்லை. போலீஸ்காரர் சட்டை, வக்கீல் கோட்டு, வேறு மதத்துப் பெரியவர்கள் அவரவர் வழிபாட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற நீள அங்கி வரைக்கும்.

"ஊர்ல பாதிப் பேரை உங்க மதத்துக்கு மாத்தி வச்சிருக்கீங்க. அவங்களுக்குத்தான் இன்னும் தகவல் போகலை," என்பான் மைத்துனன். அவனுக்கு எந்தச் சாமியும் கிடையாது. இல்லாத சாமிகளில் ஒன்றுக்கும் அவன் பாரபட்சம் காட்டியதில்லை.

ஆனால் இந்த வெள்ளை உடுப்பு வேறு. இது அவருடைய மகளுக்கு.

இருபத்துநாலு வயதில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற பெண். போன வருஷம் மாடிவீட்டுக் காஜா அக்காவோடு அவர் மதத்துக்காரர்களுடைய பிரார்த்தனைக்கு ஒரு நாள் போனாள். அப்புறம் வாராவாரம் போனாள். அங்கே படம் கிடையாது, விளக்குக் கிடையாது. வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒரு நாள் சாப்பிடும்போது, "நான் அவங்களோட சேரலாம்னு இருக்கேன்" என்றாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த மாதமே மகள் வேலைக்குப் பக்கத்தில் விடுதியில் அறை எடுத்துக்கொண்டாள். காஜா என்பது பேர் இல்லை, பட்டன் துளை; அதைத் தைப்பதில் அந்த அக்கா கெட்டிக்காரி. கடைத் துணிக்கெல்லாம் காஜா போடுவது அவர்தான். மகள் அப்படிச் சொன்ன நாளிலிருந்து அக்கா இந்த வாசலை மிதிக்கவில்லை. மிதித்தால் மனைவி சும்மா விடமாட்டாள். அதனால் தையல்காரரே சட்டைகளை அள்ளிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் மகள் ஒரு வெள்ளைத் துணியோடு வந்தாள். சேருகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்புக்கு. அவர்கள் அளந்து கொடுத்த துணி, ஒரு விரற்கடை கூட மிச்சம் கிடையாது. கூடவே தன் கையெழுத்தில் ஒரு தாள். வெள்ளை நூல் மட்டும். பூவேலை கூடாது. படம், எழுத்து, வேறு எந்த அடையாளமும் கூடாது. கடைசி வரி தனியாக இருந்தது: 'அப்பா, உங்க மூணு தையலும் வேண்டாம். கோவிச்சுக்காதீங்க.'

"ரெடிமேடும் கிடைக்குதுப்பா," என்றாள். "ஆனா நீங்க தைக்காததை நான் இதுவரைக்கும் போட்டதில்லை. அந்தத் தாள்ல இருக்கிறபடி முடியும்னா தைங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மனசுல வச்சுக்க மாட்டேன்."

"முடியும்," என்றார் அவர்.

முடியவில்லை. நீல நூல் கோத்த ஊசி எப்போதும் அவர் சட்டைப்பை மூடியில் குத்தியிருக்கும். இந்த உடுப்பு முடியும்வரை அதை எடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. முந்தாநாள் காலர் மூட்டும்போது, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவில் எத்தனை நாளாக உடைந்து கிடக்கிறது என்று மைத்துனன் கதையடித்துக்கொண்டிருந்தான். அவர் ஊம் கொட்டிக்கொண்டிருந்தார். கை பாட்டுக்குப் பைக்குப் போய், ஊசியை எடுத்து, மூன்று போட்டு, முடிச்சிட்டு, ஊசியைத் திருப்பிக் குத்திவிட்டு வந்துவிட்டது.

இப்போது மணி ஒன்றேகால். நாலு மணிக்கு மகள் வருவாள். அவர் மைத்துனனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இதுக்கா போச்சுன்னீங்க?" மைத்துனன் பேப்பரை மடித்தான். "வெளிய தெரியுதா? தெரியலை. உள்ள என்ன இருக்கு? நூல். இல்லாத ஒண்ணுக்கு மூணு தையல் போட்டா என்ன, முப்பது போட்டா என்ன? விடுங்க மச்சான்."

வீட்டுக்குப் போகும் உள் கதவுப் பக்கம் நிழல் விழுந்தது. மனைவி. மூன்று வாரமாக அந்த வெள்ளைத் துணி இருந்த மேஜைப் பக்கமே அவள் திரும்பியதில்லை. இப்போது நேராக வந்து காலரைத் தொட்டாள்.

"இங்கயா?"

"ம்."

"நீங்களா போட்டீங்க?"

"கை போட்டுடுச்சு."

"அப்ப இருக்கட்டும். நீங்க வேணாம்னு நினைச்சும் தானா வந்து உக்காந்திருக்குல்ல? அது வேற. பெத்தவ கேக்குறேன், இருக்கட்டும். அவ எங்க போனாலும் அது ஒண்ணு கூடப் போகட்டும்."

"பாத்தீங்களா," என்றான் மைத்துனன். "நானும் எங்கக்காவும் ஒரே பக்கம் நிக்கிறோம். இந்த மாதிரி இனிமே நடக்காது. சட்டுனு ஒத்துக்குங்க."

தையல்காரர் பெட்டியை ஓரமாக வைத்தார். உடுப்பைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். காஜா அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு விஷயத்தைக் கேட்டார். காலரைத் தடவிப் பார்த்தார். 

"நீங்க என்கிட்ட சொல்லலை. எனக்குக் காதுல விழலை," என்றார். "ஏற்கெனவே உங்க வீட்டுல எனக்கு இருக்கிற பேர் போதும். பிரிச்சா என் காஜாவும் இழுபடும். அப்படியே குடுத்துடுங்கண்ணே."

ஆக மூன்று பேரும் சொல்லியாயிற்று. சாமி உண்டு என்கிறவள், இல்லை என்கிறவன், வேறு சாமி என்கிறவர். மூவரும் ஒரே பேச்சு. படி இறங்கும்போது அவருக்கு வேறொரு மதியம் நினைவுக்கு வந்தது.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில், 'எங்கப்பா எல்லார் துணியிலயும் எங்க சாமிக்குத் தையல் போடுவார்' என்று பெருமையடித்திருக்கிறாள். வேறு மதத்து டீச்சர் தன் பிள்ளையின் கவுனை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். கத்தவில்லை. "எங்க பிள்ளை மேல உங்க சாமியை எங்களைக் கேக்காம ஏன் ஏத்துறீங்க?" என்று மட்டும் கேட்டார். "தப்புதான் டீச்சர்," என்று தையல்காரர் அங்கேயே பிரித்துக் கொடுத்தார். மறுநாளிலிருந்து மூன்று தையலை ஓரத்திலிருந்து எடுத்துக் காலருக்குள், யாரும் பார்க்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "தப்புன்னு சொன்னீங்களேப்பா. அப்புறம் ஏன் ஒளிச்சு வைக்கிறீங்க?"

"போய்ப் படி," என்றார்.

பதினைந்து வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அந்தத் தாளில் கடைசி வரியை எழுதியபோது அவளுக்கு அது ஞாபகம் இருந்திருக்கும்.

கடைக்குள் வந்து உடுப்பை மேஜைமேல் விரித்தார். பிளேடைத் தேடினார்.

"என்னங்க," என்றாள் மனைவி.

"அது ஒண்ணுமே இல்லைன்னா, எடுத்துடுறதுல நஷ்டமில்லை. ஏதோ இருக்குன்னா, வேணாம்னு எழுதிக் குடுத்தவளுக்குத் தெரியாம அதைக் கழுத்துல மாட்டி விடுறது திருட்டு." பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நான் முடியும்னு சொல்லித்தான் துணியை வாங்கினேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் ஒன்று தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

மூன்று தையலும் விறைப்புத் துணியில் மட்டும்தான் ஏறியிருந்தன. ஆனால் அங்கே போய்ச்சேர, காலர் கழுத்தோடு சேரும் மூட்டுத் தையலை நாலு விரல் அகலத்துக்குத் திறக்க வேண்டும். திறப்பது பெரிய காரியம் இல்லை. மூடுவதுதான். வெள்ளைத் துணியில் மிஷின் ஊசி போட்ட துளைகள் வரிசையாக நிற்கும். மறுபடி மிஷினில் விட்டால் புதுத் துளை பழையதன் பக்கத்தில் விழுந்து, ஈ மொய்த்த மாதிரி இரட்டை வரிசை தெரியும். பழைய துளையிலேயே ஊசி இறங்க வேண்டும். அதற்குக் கைதான் வேண்டும். துணியை இருபுறமும் ஒரே இழுப்பில் பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு கை வேண்டும்.

முதல் நூலை அறுத்தார். இரண்டாவதை அறுத்தார். துணி நழுவியது. முழங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"நான் பிடிக்கட்டா?" என்றான் மைத்துனன்.

"மீட்டர் பாத்த கையைக் கழுவினியா?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். அதற்குள் உள்ளிருந்து மனைவி வந்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், எதிரே உட்கார்ந்து துணியின் இரண்டு பக்கத்தையும் விரல் நுனியால் பிடித்தாள். கடை தொடங்கிய காலத்தில், பழைய கோட்டுகளைப் பிரித்த நாட்களில், பிடித்த அதே பிடி. இழுக்கவும் இல்லை, தொய்யவும் இல்லை.

"நான் சம்மதிச்சுட்டேன்னு நினைக்காதீங்க," என்றாள். "நாலு பேர் முன்னாடி காலர் கோணி நிக்கக்கூடாது, அதுக்குத்தான்."

"சரி."

"அங்க எல்லாரும் பாப்பாங்க."

"சரிங்கிறேன்ல. ஆடாம பிடி."

நீல நூல் மூன்று துண்டாக வந்தது. மேஜைமேல் வைத்தார். பிறகு வெள்ளை நூல் கோத்த ஊசியைப் பழைய துளையில் இறக்கினார். அடுத்த துளை. அடுத்தது. நாலு விரல் அகலத்துக்கு நாற்பது துளை. மைத்துனன் பேப்பரைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தான். முடித்ததும் துளைகளின்மேல் ஈரம் தொட்டு, நகத்தால் இழையை நெருக்கிவிட்டு, பெட்டியை வைத்து எடுத்தார். மனைவி மூன்று நீலத் துண்டுகளையும் விரலில் ஒற்றி எடுத்துக்கொண்டு படங்கள் இருக்கும் அலமாரிப் பக்கம் போனாள்.

சட்டைப்பை மூடியிலிருந்து நீல ஊசியை உருவி, மிஷின் டிராயருக்குள் போட்டார் தையல்காரர்.

"ஏன், மத்தவங்களுக்கும் நிறுத்தியாச்சா?" என்றான் மைத்துனன்.

"கேட்டுட்டுப் போடுவேன்."

"கேட்டா எவன் வேணும்பான்?"

"வேணாம்னா வேணாம்."

மகள் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். உள் கதவை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உடுப்பைக் கையில் வாங்காமலே, மேஜைமேல் வைத்தபடி, கட்டைவிரலைக் காலர் விளிம்போடு இழுத்தாள். அவர் எப்படி இழுப்பாரோ அப்படியே. விரல் நடுவில் நிற்காமல் கடைசிவரை போனது. மூச்சு விட்டாள்.

காலரைத் திருப்பிக் கழுத்துத் தையலைப் பார்த்தவள் குனிந்தாள். "அப்பா, இது கைத்தையல்."

"ஆமா."

"நாலு விரலுக்கு மட்டும்." நிமிர்ந்தாள். "போட்டிருந்தீங்களா?"

"நான் போடலை. கை போட்டுடுச்சு."

"கைக்குத் தனி மதமா?"

"முப்பத்தொரு வருஷமா இருக்குல்ல. சொன்னா கேக்க மாட்டேங்குது."

அவள் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள். "இவ்வளவு நேரா வந்திருக்கு. துணியை யார் பிடிச்சா? மாமாவா?"

"என்னை மேஜைப் பக்கமே விடலை," என்றான் மைத்துனன். "உங்கம்மாதான்."

மகள் மறுபடி உள் கதவைப் பார்த்தாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "தோள் சரியா இருக்கான்னு போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அங்க போய் தூக்கிட்டு நின்னா தையல்காரர் பொண்ணுன்னு வெளிய சொல்ல முடியாது."

"அதெல்லாம் சரியா இருக்கும்மா," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள் மகள். அந்த வீட்டில் ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டது அதுதான்.

தையல்காரர் உடுப்பை மடித்தார். கை உள்ளே, காலர் மேலே, மடிப்பு முழங்காலுக்குக் கீழே விழும்படி. இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார்.

"இடது கைப்பட்டியில ஒரு குண்டூசி இருக்கு. போடுறதுக்கு முன்னாடி எடுத்துடு," என்றார். மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.