என் சொம்பில் நின்ற சக்களத்தி

சக்களத்தி என்றால் சேலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டுமா? எனக்கு வாய்த்தவள் ஐந்து வெள்ளைப் பூவும் நாலு இலையுமாக, என் வீட்டுக்காரருடைய தோள்பையில் ஏறி, அந்தமானில் எங்கள் டெலானிபூர் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள்.

அவருக்குக் காட்டில் செடி சேகரித்துப் பெயர் எழுதி வைக்கிற சர்க்கார் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். கப்பலேறிய நாளிலிருந்து என் தலையில் ஒரு கிள்ளுப் பூ இல்லை. அந்தக் காலத்தில் போர்ட் பிளேயரில் மல்லிகைக்கு எங்கே போவது? அதனால் அவர் பூவோடு படியேறியதும், எனக்குத்தான் என்று கையை நீட்டிவிட்டேன்.

"தொடாதே, தொடாதே! இது என்ன செடின்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் மாலூம் நஹி" என்றவர், என் அம்மா கொடுத்த சீர்ச் சொம்பில் தண்ணீர் ஊற்றி அதை நிறுத்தினார்.

அப்புறம் லென்ஸோடு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். இதழை எண்ணினார். காம்பில் இருந்த ரோமத்தைப் பார்த்தார். காபி ஆறி ஆடை கட்டியது. நடுவில் அந்தப் பூவிடம் மெதுவாக, "யாரு நீ? எங்கேருந்து வந்தே?" என்று வேறு கேட்டார். ஏழு மாதத்தில் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? என் கன்னத்தில் மச்சம் இருப்பதாவது தெரியுமா இந்த மனுஷனுக்கு?

விளக்கு வைக்கும் நேரம் அவர் குளிக்கப் போனார். நான் சொம்பிலிருந்து ஒரு பூவைக் கிள்ளிக் கொண்டையில் செருகிக்கொண்டேன். பார்க்கட்டும், திட்டட்டும், திட்டுவதற்காவது நிமிர்வார் இல்லையா!

சாப்பிடும்போது அவர் நிமிரவில்லை. ஆனால் எதையும் இரண்டாம் தடவை கேட்டறியாதவர், அன்று மூன்று தடவை ரசம் கேட்டார். மூன்று தடவையும் குனிந்து ஊற்றினேன். சரிதான், கண்ணில் பட்டுவிட்டோம், சொல்லத்தான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் மிச்ச நாலு பூவைச் செடியோடு பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தியபோதுகூட, ஒன்று குறைவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று கரண்டி ரசத்தை நினைத்து நினைத்தே நாலு மாதம் சந்தோஷமாகக் குடித்தனம் நடத்தினேன்.

அதன் பிறகு, பெயர் கேட்டு அவர் அந்தச் செடியை அனுப்பியிருந்த மெயின்லேண்ட் ஆபீஸிலிருந்து கப்பலில் ஒரு கடிதம் வந்தது. காய்ந்த பூவை மட்டும் வைத்து இது இரண்டு செடிகளில் எது என்று சொல்ல முடியவில்லை, புதுப்பூ எப்படி மணக்கும் என்று எழுதவும் என்றிருந்தது. அவர் யோசிக்கவே இல்லை. பகலில் வாசம் இல்லை, பொழுது சாய்ந்ததும் ஏலக்காய் வாசம் என்று எழுதினார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அதை மோந்தே பாக்கலையே?"

"உன் தலையிலேருந்து வந்துச்சே. முதல்ல கிராம்பு வாசமோன்னு நினைச்சேன். நிச்சயம் பண்ணிக்கத்தான் மறுபடி மறுபடி ரசம் கேட்டேன்" என்றார், எழுதிக்கொண்டே.

அடுத்த கப்பலில் அவளுக்குப் பெயர் வந்தது, வாயில் நுழையாத பெயர். அந்த மாதம் முழுக்க நான் ரசம் வைக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவும் இல்லை.