ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஓர் இங்கிலீஷ் லேப்

1. பையர் வந்த நாள்

ஷூ ஆர்டர் கொடுக்க இத்தாலியிலிருந்து வந்திருந்த பையர் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. "பார்டன்?" என்றேன். மறுபடி கேட்டார். அப்போதும் புரியவில்லை. லேபில் உட்கார்ந்திருந்த ஸ்டிச்சிங் லைன் பெண்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் எங்கள் முதலாளி. பதற்றத்தில், "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ" என்றேன்.

பையர் சிரிக்கவில்லை. முதலாளிதான் சிரித்து மழுப்பி, அவரைச் சாம்பிள் ரூமுக்கு அழைத்துப் போனார். போகும்போது என் பக்கம் குனிந்து, "இன்னாம்மா சுமதி, இங்கிலீஷ் சொல்லித் தர்ற நீயே இப்டின்னா மத்தவங்க கதி இன்னா?" என்றார்.

நான் அந்த லேபின் இன்சார்ஜ்.

2. லேப் வந்த கதை

கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் அப்போது பெரிய விஷயம். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் 'லேங்குவேஜ் லேப்' போர்டு. அப்படி ஒரு சென்டரில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்திருந்தேன். எங்கள் முதலாளி அதைப் பார்த்து ஆசைப்பட்டு, கம்பெனிக்குள்ளேயே ஒரு ரூமில் ஏ.சி. போட்டு, கம்ப்யூட்டர் வாங்கி, என்னையும் கூப்பிட்டுக்கொண்டார்.

சிடியில் இருக்கும் குரல் ஒரு வாக்கியம் சொல்லும். மைக்கில் திருப்பிச் சொன்னால், சரிக்குப் பச்சைக் கோடு, தப்புக்குச் சிவப்பு. எனக்கு எப்போதும் பச்சைதான். எல்லா லெவலும் மனப்பாடம். ஆனால் உயிருள்ள ஓர் ஆளோடு நான் இங்கிலீஷில் பேசியதே இல்லை. அது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

கோர்ஸ் முடித்தவர்களைச் சாம்பிள் ரூமுக்கு மாற்றுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பையரோடு பேசி மாடலை முடிவு செய்கிற இடம் அது. நாள் முழுக்க மெஷினில் குனிய வேண்டியதில்லை. ஷூவின் மேல்பாகம் தைக்கிற ஷாஹிதா அந்த ஒரே நம்பிக்கையில் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் லேபில் உட்காருவாள்.

அன்று சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு, "லேப மூடிடலாம்மா. நீ பேக்கிங்குக்குப் போய்டு" என்று சொல்லிவிட்டார்.

ஷாஹிதா வாசலிலேயே நின்றிருந்தாள். "மிஸ், அவர் கேட்டது எனக்குந்தான் புரியல. புரியலன்னு சொல்லிருக்கலாம்ல? இன்னாத்துக்கு ஃபைன்னு சொன்னீங்க? இப்ப சாம்பிள் ரூமும் போச்சு, எல்லாம் போச்சு."

கம்பெனி வேனில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வீடு வந்தேன். தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். வேலையை விட்டு நின்றுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நான் நின்றுவிட்டால் ஷாஹிதாவுக்கு என்ன மிச்சம்?

3. மறுநாள்

அவளையும் கூட்டிக்கொண்டு சாம்பிள் ரூமுக்குப் போனேன். முதலாளி முறைத்தார். நான் நேராகப் பையரிடம் போனேன். "சார், யெஸ்டர்டே ஐ நாட் அண்டர்ஸ்டாண்ட். ப்ளீஸ், ஸ்லோலி, அகெய்ன்" என்றேன்.

பையர் கையிலிருந்த ஷூவை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"ஆர்... யூ... த... டீச்சர்?"

இவ்வளவுதான். முதல் லெவலில் முதல் பாடம். முந்தைய நாளைவிட அந்த நிமிஷத்தில்தான் அதிகமாகக் குறுகிப்போனேன். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "நோ சார். கம்ப்யூட்டர் இஸ் டீச்சர். ஐ ஒன்லி ஸ்விட்ச் ஆன்."

அவர் அப்போதுதான் சிரித்தார். தன் இங்கிலீஷும் அரைகுறைதான் என்று கையாலும் வாயாலும் சொன்னார். பிறகு ஷாஹிதாவிடம் ஒரு தையலைக் காட்டி ஏதோ கேட்டார். "ஸ்லோ சார்" என்றாள். அவர் நிதானமாகக் கேட்டார். தப்பும் தவறுமாகப் பதில் சொன்னாள், அவருக்குப் புரிந்தது.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "லேப் இருக்கட்டும். ஆனா வெளியாளு யார் வந்தாலும் இந்தப் பொண்ணுங்களோட உக்கார வெச்சிப் பேச வை. நீயும் பேசு" என்றார். சில மாதங்களில் ஷாஹிதா சாம்பிள் ரூமுக்குப் போய்விட்டாள். இப்போது ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில், பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்.

4. லேப் போன கதை

சாஃப்ட்வேர் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. புது விண்டோஸ் போட்டதும் திறக்க மறுத்தது. விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால் நம்பரே உபயோகத்தில் இல்லை. அப்புறம் சிடி போட வழியில்லாத கம்ப்யூட்டர்கள் வந்தன. கடைசியில் எல்லார் கையிலும் போன், போனில் ஆப். பஸ் ஸ்டாண்டு சென்டர்கள் மொபைல் ரிப்பேர் கடைகளாகிவிட்டன. நானும் பேக்கிங்குக்கே போனேன்.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே ஒரு பாடம். கம்ப்யூட்டர் முன்னால் எவ்வளவு தப்பு செய்தாலும் யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் மனிதர் முன்னால் தப்பு செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை. போன மாதம் கட்டிங் மெஷினைச் சரிசெய்ய வெளிநாட்டு ஆள் ஒருவர் வந்தார். நானே போய்ப் பேசினேன். முகம் சூடேறியது, வார்த்தை தடுமாறியது, இரண்டு முறை "ஸ்லோலி ப்ளீஸ்" கேட்டேன். வெட்கம் இன்னும் போகவில்லை. போகட்டும் என்று காத்திருந்தால் இந்த வயசு வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன்.