மதினி வாங்கிய திருவிருந்து

அந்த வருஷம் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டோம். அண்ணன், நான், அண்ணன் பிள்ளைகள் இருவர்; நின்றபடியே, தட்டில் கரண்டி படாமல், திருடித் தின்பவர்கள் மாதிரி. முன்னறைக் கட்டிலில் அண்ணன் மனைவி, என் மதினி, படுத்திருந்தார். பக்கவாதம் இடது பக்கத்தைத் தளர்த்தியதோடு தொண்டையையும் முடக்கிவிட்டது. ஒரு மடக்குத் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூக்கில் செருகிய குழாய் வழியாகத்தான் கஞ்சி. அவர் கண் முன்னால் சாப்பிடுவது பாவம் என்று நாங்களாக முடிவு செய்திருந்தோம்.

ஒரு மத்தியானம் மதினி என்னைக் கூப்பிட்டார். பேச்சு குழறியது, ஆனால் சொல் ஒவ்வொன்றும் விளங்கியது.

“ஒளிஞ்சுக்கிட்டுத் திங்காதிய. எம் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க. நீங்க அங்கிட்டுப் போயிட்டா, நான் செத்துப்போன மாதிரியில்லா இருக்கு.”

அன்றிலிருந்து கட்டிலைச் சுற்றிப் பாய் விரித்தோம். முதல் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மதினிதான் குழம்பில் உப்பு சரியா என்று விசாரித்து, பிள்ளைகளை வம்புக்கு இழுத்து, அந்தப் பந்தியை நடத்தினார். சிறுவயதிலிருந்து எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து வாங்குகிறவன் நான். அதை ஏன் விருந்து என்கிறார்கள் என்பது, ஒரு பருக்கைகூடச் சாப்பிடாத ஒருவர் நடத்திய அந்தப் பந்தியில்தான் எனக்கு விளங்கியது.

ஒருநாள் எங்கள் சபை ஆயர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். உதட்டில் தொட்டு வைத்தாலே போதும், ஆண்டவர் ஏற்றுக்கொள்வார் என்றார். மதினி மறுத்துவிட்டார். “இல்லைங்கய்யா. நான் கோயிலுக்கு வாரேன். எல்லாரோடயும் சேந்து முழுங்குதேன்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் விழுங்கப் பழக்கும் பெண் ஒருவர் இருந்தார். வாரம் இரண்டு தடவை அண்ணன் பஸ்ஸில் கூட்டிப்போவார். மூச்சைப் பிடித்து, மோவாயை, எங்கள் பேச்சில் நாடியை, நெஞ்சோடு சாய்த்து எச்சிலை விழுங்க வேண்டும். இதையே எட்டு மாதம் செய்தார். புரையேறிக் கண்ணெல்லாம் சிவந்துவிடும். ஒருமுறை நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணனே போதும் என்றார். மதினி நாடியைச் சாய்த்து எச்சிலை விழுங்கிக் காட்டினார். கடைசியில் குழாயை எடுத்தார்கள். இன்றைக்கு மதினி அயிரை மீன் குழம்பு சாப்பிடுகிற வேகத்தைப் பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

திராட்சரசத்தில் ஊறிய அப்பம் விழுங்கலாம் என்று அந்தப் பெண் சொன்ன வாரமே மதினி கோயிலுக்குப் புறப்பட்டார். எங்கள் சபையில் ஒரு வரிசை பீடத்தின் முன் மண்டியிட்டு, வாங்கிவிட்டு எழுந்த பிறகே அடுத்த வரிசை வரும். அண்ணன் தாங்கிப் பிடிக்க, மதினியும் எங்களோடு மண்டியிட்டார். ஆயர் சின்னஞ்சிறு துண்டு அப்பத்தை ரசத்தில் ஊறவைத்து அவர் வாயில் வைத்தார். மதினி நாடியைச் சாய்த்தார். இருமினார். மறுபடியும் சாய்த்தார். எங்களுக்கு எல்லாம் கொடுத்து முடிந்தது. பின்னால் அடுத்த வரிசை காத்து நின்றது. ஆனால் எங்கள் வரிசையில் ஒருவரும் எழவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை; மண்டியிட்டபடியே எல்லோரும் காத்திருந்தோம். பாத்திரத்தைப் பிடித்திருந்த ஆயரும் அசையவில்லை.

மதினி தலை நிமிர்ந்தார். “எறங்கிருச்சுய்யா” என்றார், கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்படி. பிறகு அண்ணன் கையை விலக்கிவிட்டு, பீடத்துக் கிராதியைப் பிடித்துத் தானாகவே எழுந்தார். அதற்குப் பிறகுதான் நாங்கள் எழுந்தோம்.