வாங்கிப் பார்க்காத அட்டை

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். செங்கல்பட்டு பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போடுற கவுண்டர்ல இருந்தேன். கம்ப்யூட்டர் தட்டத் தெரியும்ங்கற திமிர் அப்ப எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த வருஷம்தான் டாக்டருங்க எழுதுறதையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினாங்க. எங்ககிட்ட இருந்த பேர், வயசு, ஊர், புருஷன் பேர் விவரத்தை அந்த வைத்தியக் குறிப்போட சேர்க்கணும். ரெண்டு பதிவு ஒத்துப்போனா, ரெண்டும் ஒரே ஆளான்னு திரையில கேட்கும். சந்தேகம்னா பழைய கேஸ் கட்டை எடுத்துப் பார்த்துட்டு அமுக்குங்கன்னு சொல்லியிருந்தாங்க. யாரு மாடியேறி ரெக்கார்டு ரூமுக்குப் போறது?

மாமல்லபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மீனவர் குப்பம். அங்க வீட்டுக்கு வீடு பொண்ணுங்களுக்கு ஊர் அம்மன் பேருதான். வயசு கேட்டா, நீயே ஒரு நாப்பது போட்டுக்கோம்மான்னுவாங்க. புருஷன் பேரை மட்டும் வாயால சொல்லவே மாட்டாங்க, தலையைக் குனிஞ்சுக்குவாங்க. வரிசை நீண்டுகிட்டே போகும். அந்தக் கட்டத்தை காலியா விட்டுடுவோம். அப்படி ரெண்டு பதிவு வந்தது. ஒரே பேர், ஒரே ஊர், ரெண்டுலயும் நாப்பது, புருஷன் பேர் காலி. ஒரே ஆள்தான்னு அமுக்கிட்டேன். புதுக் குறிப்பு மேல வந்து, பழசு அடியில போயிடுச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் குப்பத்து அம்மா ஒருத்தங்க, கால்ல சிப்பி கிழிச்சு சீழ் புடிச்சு வந்தாங்க. பிளாஸ்டிக் கவர்லேர்ந்து பழைய அட்டையை எடுத்து நீட்டினாங்க.

"முன்ன ஒருவாட்டி ஊசி போட்டு மூச்சு முட்டிப்போச்சும்மா. இதுல எழுதிக்கீது, பாரு."

"அட்டையெல்லாம் இப்ப வேணாம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, உள்ள போ."

வாங்கிக்கூடப் பார்க்கல நான்.

டாக்டர் திரையைப் பார்த்தார். போன வருஷம் பென்சிலின் போட்டு ஒண்ணும் ஆகலன்னு இருந்தது. அதை நம்பி, கையில லேசா குத்திப் பார்க்கிற டெஸ்ட்டைக்கூட விட்டுட்டாங்க. பத்து நிமிஷத்துல நர்சுங்க ஓடுற சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள்ள அந்த அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. வீட்டுக்காரர் கவுண்டருக்கு வந்து, தன் பேரைத் தானே சொன்னார். காலியா கிடந்த கட்டத்தை அப்பதான் நிரப்பினேன். இறந்தவர்னும் குறிச்சேன். அப்பவும் எனக்கு ஒண்ணும் உறைக்கல.

அடுத்த மாசம் அதே குப்பத்துலேர்ந்து இன்னொரு அம்மா சர்க்கரை மாத்திரைக்கு வந்தாங்க. பேரைத் தட்டினா, இறந்தவர்னு வருது.

"செத்தது எதிர்வூட்டுக்காரிம்மா," அவங்க சொன்னாங்க. "நான்தான் முழுசா வந்து நிக்கிறேனே."

ஒரே ஆள்னு நான் அமுக்கினது அப்பதான் உறைச்சது. மாடியேறி ஓடினேன். ரெண்டு கட்டு இருந்தது. செத்தவங்க கட்டுல சிவப்பு மையில, பென்சிலின் ஆகாது. ஊசி ஒத்துக்கிட்டது, கீழே நிக்கிற இந்த அம்மாவுக்கு.

மேனேஜர்கிட்ட அழுதுகிட்டே சொன்னேன். "ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுட்டு பேசாம இரும்மா"ன்னார். பிரிச்சேன், பேசாமத்தான் இருந்தேன். அந்தக் குப்பத்துக்குப் போய் செத்தவங்க வீட்டுக்காரர்கிட்ட உண்மையைச் சொல்ல இன்னிக்கு வரைக்கும் எனக்கு தைரியம் வரல.

இப்பவும் வேற ஊர்ல இதே வேலைதான் செய்யறேன். யார் பழைய சீட்டை நீட்டினாலும் வாங்கி முழுசா படிக்கிறேன். படிச்சு முடிக்க அரை நிமிஷம்கூட ஆகறதில்ல, அதைத்தான் என்னால தாங்க முடியல.